கோர்ட் கலையும் வரை

இடைசெவலுக்குக் கிழக்கே ஆடு மேய்க்கும் சொர்ணத்தாய்க்குச் சட்டம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு சட்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டியை ஏற்றி ஆளைக் கொன்றால் ஒரு வருசம்.

தம்பி தங்கசாமியால் தெரிந்துகொண்ட சட்டம் அது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டினவன். கயத்தாறு பக்கம் சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவர்மேல் மோதிவிட்டான். ஓடவில்லை. அதே வேனில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஆள் பிழைக்கவில்லை. கோர்ட்டில் ஒரு வருசம் போட்டார்கள். ஒருநாள் குறையாமல் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். சொர்ணத்தாய் அழுதாளே தவிர அநியாயம் என்று சொல்லவில்லை. "உசுரு போயிருக்குல்லா. ஒரு வருசமாவது இருக்கத்தான் வேணும்" என்றாள்.

அவள் புருசன் பூவனலிங்கம் ஹாக்கிப் பைத்தியம். அந்தப் பக்கம் அது அதிசயமில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோவில்பட்டிப் பையன் செண்பகராஜ் இந்தியாவுக்கு ஆடப் போனதும், பேப்பரில் வந்த அவன் படத்தைக் கஞ்சிப்பசை தடவிச் சுவரில் ஒட்டிவைத்தார் பூவனலிங்கம். "நம்ம புள்ளை" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். அவருக்குப் பிள்ளை கிடையாது.

கோடை முழுக்க நாலைந்து பேர் தங்கள் ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து, உரத்துக்காகக் காடு காடாகக் கிடை போடுவார்கள். மழை இறங்கி விதைப்பு தொடங்கினால் கிடை கலையும். அவரவர் ஆட்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். தொண்ணூற்றெட்டில் அப்படிக் கிடை கலைந்து, விடிகிற நேரத்தில் ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார் பூவனலிங்கம். பின்னால் வந்த கார் அவரையும் ஆடுகளையும் மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிற்று. மூன்றாம் நாள் வக்கீலோடு வந்து, நான்தான் ஓட்டினேன் என்றான் ஒருவன். அது செண்பகராஜ்.

சுவரில் இருந்த படத்தைக் கிழிக்கச் சொன்னார்கள். சொர்ணத்தாய் கிழிக்கவில்லை. "அது அவிய ஒட்டுனது" என்று சொல்லிவிட்டாள்.

கேஸ் மூன்று வருசம் இழுத்தது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. என் தம்பிக்கு அளந்த படியில்தான் அவனுக்கும் அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆடுகளைத் தங்கசாமியிடம் விட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே பெஞ்சின் இன்னொரு நுனியில் செண்பகராஜின் அம்மா ராமலட்சுமி இருப்பாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் விரல் நுனியெல்லாம் மருந்து அரித்துப்போன பெண்பிள்ளை. புருசனில்லாமல் ஒற்றை மகனை வளர்த்தவள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தீர்ப்பன்று ஜட்ஜ் வாசித்தது யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர், எதிர்காலம் உள்ளவர் என்று மட்டும் கேட்டது. தங்கசாமிக்கு எதிர்காலம் உண்டா இல்லையா என்று அன்றைக்கு ஒருத்தராவது கேட்டார்களா? அவன் யாருக்காகவும் ஆடவில்லை, வேன்தானே ஓட்டினான்!

"என்ன தாயி போட்டிருக்கு?" என்று அங்கே நின்ற பெண் போலீசிடம் கேட்டாள் சொர்ணத்தாய்.

"ஜெயில்தான். கோர்ட்டு கலையுற வரைக்கும்."

"கலையுற வரைக்குமா?"

"ஆமாம்மா. அதுவரைக்கும் அவரு வெளிய போவ முடியாது. நீங்க வீட்டுக்குப் போங்க."

சொர்ணத்தாய் பஸ் ஏறினாள். அவளுக்குத் தெரிந்த கலைதல் ஒன்றுதான். கிடை மழைக்குக் கலையும். கோர்ட்டு எதற்குக் கலையும்? கண்டக்டரிடமே கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, இந்தக் கோர்ட்டு எப்பம் கலையும்?"

அவர் சிரித்துவிட்டார். "கோர்ட்டு எங்கன கலையும்? அது வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போனது. நம்ம பேரன்மாரு காலத்துலயும் இருக்கும்."

சொர்ணத்தாய் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்படியானால் ஆயுசுக்கும் ஜெயிலா?

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றாள். முதலில் ஒரு நிம்மதி வந்தது உண்மை. "கேட்டீரா? உம்ம உசுருக்கும் மதிப்பு இருக்கு" என்று புருசனிடம் வாய்விட்டே சொன்னாள். ஆனால் கஞ்சி இறங்கவில்லை. ராமலட்சுமியின் விரல்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஒற்றைப் பிள்ளையை ஆயுசுக்கும் உள்ளே விட்டுவிட்டு அவள் எப்படிச் சோறு தின்பாள்? தம்பிக்கு ஒரு வருசம்தானே. இது அளவு கூடிப்போச்சு. பாவி, நாமல்லவா கேஸ் கேஸ் என்று அலைந்தோம்.

அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டிக்குத் திரும்பினாள். விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலில் வெடித்த பட்டாசுக் காகிதம் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ விசேசம் போல என்று தாண்டி வந்து கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ராமலட்சுமி அவளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். கண் நிறைந்துவிட்டது. சொர்ணத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க மதினி. நான் அம்புட்டுக் கேக்கல. ஒரு வருசம் போதும்யா, விட்ருங்கன்னு ஜட்ஜையாகிட்ட நானே வந்து சொல்லுதேன். நாளைக்கே போவோம்."

ராமலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லுதீங்க?"

"ஆயுசுக்கும் உள்ள கெடக்கணும்னா பெத்த வயிறு தாங்குமா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது? இன்னும் கொஞ்சம் சோறு வையி."

சொர்ணத்தாய் எட்டிப் பார்த்தாள். சுவரில் தினமும் பார்க்கிற முகம். கழுத்தில் மாலை போட்டுக் கசங்கிய சட்டையோடு, இலை போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருசம் ஒரே கோர்ட்டில் இருந்தவன்!

ராமலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "கோர்ட்டு கலையுறதுன்னா, சாயங்காலம் ஜட்ஜய்யா சேரை விட்டு எந்திரிக்கிறதாம் மதினி. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் அங்கன ஒரு பெஞ்சில உக்காந்திருந்தான். அம்புட்டுத்தான்."

சொர்ணத்தாய் பிடித்திருந்த கையை விட்டாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கணக்குப் புரியாதவள் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்பம் எந்தம்பி போனப்ப மட்டும் அந்த ஜட்ஜய்யா ஒரு வருசமா எந்திரிக்கவே இல்லியா, மதினி?"