பாவாயிக்கு எடுத்த கோடி

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த பாவாயிக்கு, சின்னண்ணன் என்ற பெயருடைய கூடப் பிறந்த அண்ணன்மேல் முப்பது வருஷப் பகை. கட்டிக் கொடுத்த தங்கைக்கு, அவள் தாலியோடு இருக்கும்போதே, அண்ணன்காரன் எழுதிங்கள் சீர் செய்து வைக்க வேண்டும். அது நடக்காதவள் எந்தக் கல்யாணத்திலும் சீர் செய்யக் கூடாது. வரப்புச் சண்டையில் அவள் புருஷனோடு முறைத்துக்கொண்ட சின்னண்ணன் அந்தச் சீரைச் செய்யவே இல்லை. பெற்ற மகன் கல்யாணத்தில் யாரோ ஒருத்தி முன்னால் நின்று சீர் செய்ய, பாவாயி கழுத்தில் தாலியோடு பந்தல் மூலையில் நின்றாள். அன்றைக்கு எரிந்த வயிறு அப்புறம் ஆறவே இல்லை.

1984இல், அறுபத்தெட்டு வயதில், மண்டை பிளக்கிறது என்று கத்திக்கொண்டு களத்தில் விழுந்தாள். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் கொப்புளம்போல வீங்கிக் கசிந்திருக்கிறது, மறுபடி உடைந்தால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். மண்டையைத் திறந்து அதற்குக் கிளிப் போடலாம். ஆனால் இந்த வயதில் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போனாலும் போகும்.

"வேண்டாங்கம்மா, ஊட்டுக்கே போயிரலாம்" என்று மகன் அப்புசாமி அழுதான்.

"நாஞ் செத்தா உங்க மாமன் கோடிச் சேலை எடுத்துக்கிட்டு வருவான். எம்மேல போத்திட்டு ஊரு பாக்க அழுவான். அவங் கோடி எம்மேல உழுகக் கூடாது சாமி. அவனுக்கு முந்தி நான் போக மாட்டேன். அறுக்கச் சொல்லு."

பயமில்லாமல் இல்லை. மயக்க ஊசி போட வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டாள். சாமி நினைப்புகூட அப்புறந்தான் வந்தது.

பிழைத்தாள். இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கவில்லை.

அம்மா பிழைத்தால் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தான் அப்புசாமி. அவளை மருமகளோடு காரில் வரச் சொல்லிவிட்டு, முன்னால் வந்து கோயிலில் மீசையோடு சேர்த்து மொட்டை போட்டுக்கொண்டு, கார் வரும்வரை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றான். பஸ்ஸிலிருந்து அவனைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் உச்சுக்கொட்டினார். இழவு விழுந்தவன்போல மீசையும் மழித்து நிற்கிறவனைக் கூப்பிட்டு என்னவென்று கேட்பார்களா? நேராக ஊருக்குப் போய்ப் பாவாயி போய்விட்டாள், உடல் பின்னால் காரில் வருகிறதுபோல என்றார்.

கார் வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். முன்னால் சின்னண்ணன், கையில் கோடிச் சேலை. மழித்த தலையில் துணி கட்டிய பாவாயி இறங்கியதும் கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

சின்னண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். "அம்மிணி, நீ போயிட்டீன்னு..."

நடிப்பில்லை. அது தெரிந்ததும்தான் பாவாயிக்கு அடங்காத ஆத்திரம் வந்தது. இத்தனை பாசத்தை உள்ளே வைத்துக்கொண்டா அவளை மூலையில் நிற்க வைத்தார்?

"செத்தவளுக்குச் சேலை எடுக்கத் தெரிஞ்சுதுங்களாண்ணா? உசுரோட இருந்தவளுக்கு ஒரு சீர் செய்யத் தெரியலீங்களே."

"இப்பச் செய்யறேன் அம்மிணி. நாளைக்கே செய்யறேன்."

"நாந் தாலியறுத்து வருசம் எட்டாச்சுங்க."

இழவுக்கு எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை யாரிடமும் கொடுக்கவும் முடியாமல் சின்னண்ணன் தெருவிலேயே நின்றார்.

மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன பாவாயி, "கதவெச் சாத்தாத சாமி. கட்டில வாசலுக்கு நேராப் போடு" என்றாள். படுத்துக்கொண்டு, அவர் அங்கே நிற்பதைக் கண் நிறையப் பார்த்தாள்.