சில்வெஸ்டரின் வலது முழங்கால்

“கோட்டுக்கு வெளியாலை நிண்டு மட்ச் பாக்கிற ஆள் நானில்லை, அண்ணை. நான் உள்ளை நிப்பன். ஊர்தான் வெளியாலை நிண்டு பாக்கும்.”

1986ஆம் ஆண்டு இளவேனிலில், பீலெஃபெல்ட் நகரத்து அகதிகள் விடுதியின் பொதுச் சமையலறையில், பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்த வேளையில், திரு. சில்வெஸ்டர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். கையில் அகப்பை இருந்தது. பருப்பைக் கிண்டாமல் பிரகடனம் செய்தபடியால் அன்று எல்லோரும் பாணும் ஜாமும் சாப்பிட்டார்கள். ஆனாலும் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை. அவர் விளையாடியதை ஊரில் பார்த்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்பு நடக்கும் இடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். அப்படியொரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நடுக்கள ஆட்டக்காரர் சில்வெஸ்டர். ஊர் குருநகர். பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே உதைக்கப் பழகிவிடும் என்பது குருநகரார் கண்டுபிடித்த விஞ்ஞானம். பந்து சில்வெஸ்டரிடம் வந்தால், அடுத்து அது எந்தக் காலுக்குப் போகவேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பார். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது யாருடைய கோல் என்பது தூக்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு மைதானத்துக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி வந்தது. பிறகு சுற்றிவளைப்பு வந்தது. பிறகு சில்வெஸ்டர் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்தார்.

ஜெர்மன் அரசாங்கம் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு கம்பளியும் வேலை செய்யக்கூடாது என்ற கட்டளையும் கொடுத்தது. கூடவே, ஜன்னலுக்கு வெளியே ஒரு புல்வெளி. கல்லூரி மைதானத்தில் புல் என்பது ஆடு விட்டுவைத்ததுதான். இங்கேயோ யந்திரம் வந்து புல்லை வெட்டிவிட்டுப் போகும். வெட்டிய நாளில் சில்வெஸ்டர் ஜன்னலைத் திறந்துவைத்து மூச்சை இழுப்பார். “என்ன, பொம்பிளையையே பாக்கிறாய்?” என்று கேட்டவர்கள் எட்டிப் பார்த்து ஏமாந்து போனார்கள்.

ஞாயிறுகளில் அந்தப் புல்வெளியில் தமிழரும் துருக்கியரும் கலந்து விளையாடினார்கள். யூசுப் என்ற துருக்கிக்காரர் பாண் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வலப்பக்கத்தால் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. சில்வெஸ்டர் பந்தை அவருக்கு முன்னால் போடுவார். யூசுப் அதைத் துரத்திப்போய் அடிப்பார். இருவருக்கும் பொதுவான ஜெர்மன் சொற்கள் பத்துக்கு மேல் இல்லை. தேவைப்படவும் இல்லை.

ஒரு ஞாயிறு நாயோடு நடந்து வந்த ஒருவர் நின்றார். நாய் இழுத்தும் அவர் நகரவில்லை. அவர் பெயர் பிரிங்க்மான். விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய, பத்திரிகையில் பெயர் வராத அளவுக்குச் சின்ன ஓர் அணியின் பயிற்சியாளர். ஓகஸ்ட் மாதம் தெரிவு ஆட்டம், இருவரும் வாருங்கள் என்றார். எடுபட்டால் ஒப்பந்தம்; சில்வெஸ்டருக்கு வேலை அனுமதி கேட்டு அணியே மனுப் போடும்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவே சில்வெஸ்டர் பந்தோடு திரும்பியபோது, ஒரு முயல் தோண்டிய குழியில் வலது கால் போனது. எதிரணியில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. முயலும் இல்லை.

டொக்டர் சொன்னதை விடுதியில் ஜெர்மன் தெரிந்த சியாமளா அக்கா மொழிபெயர்த்தார்: முழங்காலுக்குள் இருக்கும் நார் பாதி அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்து ஒன்பது மாதம் ஓய்வு எடுத்தால் மறுபடி விளையாடலாம். இப்படியே விளையாடினால் மிச்சமும் அறும். அதற்குப் பிறகு உதைபந்து இல்லை.

சமையலறையில் உயர்மட்ட மாநாடு கூடியது. தலைமை கனகலிங்கம் அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்தவர். இங்கே யாரும் கேளாமலே சில்வெஸ்டருக்கு முகாமையாளர் ஆனவர்.

“முழங்காலைப் பற்றி ஆரிட்டையும் மூச்சு விடாதை. முதல் எடுபடு. கையெழுத்து வைச்சாப் பிறகு அது அவங்கட முழங்கால். அவங்களே திருத்தட்டும்.”

“அது சைக்கிள் இல்லை, அண்ணை,” என்றார் சியாமளா அக்கா. “இன்னொருக்கா முறுகினால் பெடியன் பஸ்ஸுக்குக்கூட ஓட ஏலாது.”

“பிள்ளை, உலகக் கிண்ணம் கடைசி மட்ச்சிலை ஜெர்மனி ஏன் தோத்தது? நடுவிலை ஆள் காணாது! இப்ப விளங்குதோ ஏன் கூப்பிடுறாங்கள் எண்டு?”

“தம்பி, நீ இந்தாளின்ரை கதையைக் கேளாதை. ஒப்பரேசனைச் செய். ஒன்பது மாதத்தாலை போய்க் கேள்.”

“ஒன்பது மாதத்தாலை என்னை இஞ்சை வைச்சிருப்பாங்கள் எண்டு ஆர் அக்கா சொன்னது?” என்றார் சில்வெஸ்டர்.

ஒருவர் எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

சில்வெஸ்டர் முடிவு சொல்லவில்லை. கனகலிங்கம் அண்ணை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பாரிஸில் இருந்த மருமகனிடம் சொல்லி நோவெண்ணெய் எடுப்பித்தார். முதல் தடவை அதைச் சூடாக்கித் தேய்த்தபோது எழுந்த நெடியில் விடுதிப் பொறுப்பாளர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். வந்த வீரர்கள் முழங்காலை மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள். வீக்கம் வடிந்தது. நேராக ஓடினால் நோகவில்லை. சில்வெஸ்டர் நேராக மட்டும் ஓடிப் பார்த்தார். பந்தை அறைக்குள் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

தெரிவு ஆட்ட நாள். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பெரிய மட்ச் என்று நினைத்து விடுதியே கிளம்பியது. பாய், சோற்றுப் பார்சல், வாளியைக் கவிழ்த்துத் தட்டுவதற்கு ஒருவர். மைதானத்தில் ஏற்கெனவே இருந்த பார்வையாளர்கள்: வீரர்களின் மனைவிமார் இருவரும் பிரிங்க்மானின் நாயும். வாளிச் சத்தம் கேட்டதும் நாய் பிரிங்க்மானின் காலுக்குள் புகுந்துகொண்டது.

உடை மாற்றும் அறையில் யூசுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இருந்த பத்துச் சொற்களோடு கைகளையும் சேர்த்துப் பேசினார். இரண்டு வருடமாக இந்த அணியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்றார். உன் பந்தை நான் அடித்ததைக் கண்ட பிறகுதான் என்னையும் கூப்பிட்டார்கள். நான் வலப்பக்கத்தால் ஓடுவேன். போடுவாய்தானே?

சில்வெஸ்டர் தலையாட்டினார். முழங்காலைச் சுற்றியிருந்த துணியை இன்னொரு தடவை இறுக்கினார்.

மைதானத்துக்குள் போவதற்கு எங்கள் ஆட்டக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கோட்டைத் தொட்டுச் சிலுவை போட்டு, வலது காலை முதலில் உள்ளே வைப்பது. இடது காலை வைத்துப் போனவன் வென்றதாகச் சரித்திரம் இல்லை; அப்படிப் போனவனே இல்லை. சில்வெஸ்டர் குனிந்து தொட்டார். சிலுவை போட்டார். வலது காலைப் புல்லில் வைத்தார். அடுத்து இடது காலைத் தூக்கவேண்டும். அந்த ஒரு கணம் உடம்பு முழுவதும் வலது காலில் நிற்கவேண்டும்.

முழங்கால் ஈரச் சோப்பைப்போல் வழுக்கியது. சில்வெஸ்டர் காலை வெளியே இழுத்துக்கொண்டார்.

“என்னடாப்பா, வலது கால்! வலது காலை வை!” கனகலிங்கம் அண்ணை பின்னாலிருந்து கத்தினார்.

“வைச்சனான், அண்ணை. அது நிக்குதில்லை.”

வாளி நின்றது. யூசுப் வலப்பக்கத்தில் போய் நின்று, ஆட்டம் தொடங்க முன்னரே கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கம் போடுவதென்றால் இந்தக் காலில் நின்றுதான் திரும்பவேண்டும். சில்வெஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டு பிரிங்க்மானிடம் போனார்.

“க்னீ கபுட்,” முழங்கால் பழுது, என்றார். கையால் முழங்காலைப் பிடித்துக் காட்டினார்.

பிரிங்க்மான் குனிந்து தொட்டுப் பார்த்தார். பழைய ஆட்டக்காரர், விளக்கம் கேட்கவில்லை. “அடுத்த வருடம் வா,” என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருடம் சில்வெஸ்டர் எந்த நாட்டில் இருப்பார் என்பது பிரிங்க்மானின் கையில் இல்லை.

நடுவில் வேறொருவரை இறக்கினார்கள். நெட்டையான மனிதர். அவருக்கு வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. யூசுப் ஓடினார், பந்து வரவில்லை. திரும்பி வந்து மறுபடி ஓடினார், வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சில்வெஸ்டரின் வலது பாதம் நின்ற இடத்திலேயே புல்லைக் கீறியது.

ஒரு பந்து வெளியே உருண்டு வந்தது. இடது காலால் அதை நிறுத்தினார். தேவைக்கும் மேலாகச் சிறிது நேரம் பாதத்துக்குக் கீழே வைத்திருந்தார். பிறகு கையால் எடுத்து, வாங்க வந்த நெட்டையரிடம் கொடுத்து, யூசுப்பைச் சுட்டிக் காட்டினார். நெட்டையர் திரும்பிப் பார்த்தார், தலையாட்டினார்.

கனகலிங்கம் அண்ணை பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “வா, போவம். இனி இஞ்சை எங்களுக்கு என்ன இருக்கு?”

“நீங்கள் போங்கோ அண்ணை,” என்றார் சில்வெஸ்டர், மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நான் மட்ச் முடியுமட்டும் பாத்திட்டு வாறன்.”