பிளாஸ்டிக் பையில் என் இரத்தம்

யுத்த காலத்தில் திருகோணமலையில் ஓர் இரத்த வங்கியில் வேலை செய்தேன். தரைப்பாதை மூடிக்கிடந்ததால் மூதூருக்கு இரத்தத்தைக் கடல் வழியாக லாஞ்சில்தான் அனுப்புவோம். கண்ணாடிப் போத்தல்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பைகள் வந்த பிறகு, மூதூர் போய்ச் சேரும்போது இரத்தத்தின் மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்து நின்றது. உள்ளே சிவப்பணுக்கள் உடைந்திருந்தன.

"லாஞ்ச் குலுக்கினதாலதான், தங்கச்சி. எங்கட பிளாஸ்டிக்கில பிழையில்லை," என்றார் பை செய்யும் கம்பனிக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இரத்தத்தையே எடுத்து, பாதியைப் போத்தலிலும் பாதியைப் பையிலும் விட்டு, இரண்டையும் ஒரே ஐஸ் பெட்டியில் வைத்து லாஞ்சில் மூதூர் போய் வந்தேன். போத்தலில் மஞ்சள், பையில் சிவப்பு. படத்தோடு எழுதி அனுப்பினேன்.

கம்பனி பிளாஸ்டிக்கை மாற்றியது. புதுப் பைகளோடு ஒரு கடிதமும் வந்தது: எந்த ஆய்வுகூடத்தில் சோதித்தீர்கள்?

"மூதூர் லாஞ்சில்" என்று பதில் எழுதினேன்.