சாமந்திக்குள் ஒளிந்த மஞ்சுளா அக்கா

ஓசூர் பூ மார்க்கெட்டில் சாமந்தி வாசம் அடித்தால், கெலவரப்பள்ளிப் பக்கம் அம்மா கூலிக்குப் பூப் பறித்த, இப்போது கம்பெனி குடோன் நிற்கிற தோட்டத்துக்கே போய்விடுகிறேன். செவ்வாய்தோறும் அதன் ஓரத்தில் அம்மாவின் குழுக்கடன் கூட்டம் நடக்கும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். தினமும் எனக்குத் தலை பின்னிவிடும் பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்காவும் அந்தக் குழுவில் இருந்தாள்; ஒரு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை.

"மஞ்சு எங்கடி?" என்று அம்மா கேட்டாள்.

"சாமந்திக்குள்ள ஒளிஞ்சிருக்குது," என்றேன், ஏதோ விளையாட்டு என்று நினைத்து.

பெண்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அக்கா என் பக்கம் பார்க்காமலே இடுப்பிலிருந்த குழந்தையின் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

அம்மாவோ அந்த வாரம் முழுக்க, "எம் பொண்ணுக்குப் பொய்யே வராது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.