பிரசவ அறையின் பூட்டுத் திருகாணிகள்

எதை மாட்டினாலும் அது பிறகு அசையாது என்பதால் அந்த எலக்ட்ரீஷியனுக்குப் ‘பூட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது. பெண்டாட்டி மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்வாள்: அவன் மாட்டியதை அவனாலேயே கழற்ற முடியாதாம். வாய் முகூர்த்தம் பலித்தது, அதுவும் அவள் பிரசவத்தன்றே.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ அறைக்கு ஜன்னல் இல்லை. பல்பு அடிக்கடி களவு போகிறது என்று கூரை விளக்கின் மூடிக்குத் திருட்டுத் திருகாணிகள் போட்டவன் இவன்தான். திருட முடியாத திருகாணிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். தலையில் நட்சத்திரக் குழி, குழியின் நடுவே ஒரு முளை. சாதாரணத் திருப்புளி உள்ளே போகாது. அதற்கென்று உள்ள பிட், அதாவது திருப்புளி முனை, திருடன் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று, வேலை முடிந்ததும் அதைச் சாக்கடையில் போட்டான் இந்தப் புத்திசாலி.

இப்போது உள்ளே அவள் வலியில் முனகிக்கொண்டிருக்க, பல்பு போய்விட்டது. ஆயா பிடித்த டார்ச் மங்கிக்கொண்டே வந்தது. குழந்தையின் தலை தெரிகிறது, ஆனால் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிற மாதிரி இருக்கிறது, வெளிச்சம் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார் நர்ஸம்மா. புருஷன்மாரை உள்ளே விடும் வழக்கமே அங்கு கிடையாது. எலக்ட்ரீஷியனை விட்டார்கள்.

ஸ்டூலில் ஏறி மூடியைத் தடவிப் பார்த்தான். உளியால் அடித்து முளையை உடைத்துவிடலாம்தான், ஆனால் சில்லு கீழே அவள் மேல் விழும். நெருப்பும் உள்ளே கூடாது என்றார் நர்ஸம்மா. சட்டைப்பையில் பிளாஸ்டிக் பேனா இருந்தது. வராந்தாவுக்கு ஓடி அதன் அடிமுனையை லைட்டரில் உருக்கி, திரும்ப ஓடிவந்து, குழியின் வடிவத்தில் இறுகி அதுவே திருப்புளி ஆகட்டும் என்று திருகாணிக் குழியில் அழுத்தினான். அவசரப்பட்டுத் திருப்ப, கூழாக வழுக்கியது. மறுபடி உருக்கி அழுத்தினான். இந்த முறை அது இறுகும்வரை, கீழே அவள் விடும் மூச்சைக் கேட்டபடி அசையாமல் நின்றான். அவன் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக நின்றதே இல்லை.

திருகாணி அசைந்தது. நல்ல வேளை, பிளாஸ்டிக் மூடி விரிசல் விடுமே என்று அன்று கொஞ்சம் இளக்கமாக முடுக்கியிருந்தான். அடுத்ததும் வந்தது. கடைசித் திருகாணி அடம்பிடித்தாலும், அதிலேயே மூடி சுழன்று விலகி வழிவிட்டது. ஆயா நீட்டிய புதுப் பல்பை மாட்டினான். ஆயா சுவிட்சைப் போட்டார்.

வெளிச்சம் கொட்டியது. நர்ஸம்மாவின் விரல் கொடியை லாவகமாக விலக்கியது. இத்தனை நாள் தன் கை வேலைதான் பெரிது என்று நினைத்திருந்தவன், அவள் பல்லைக் கடித்து ஓர் உயிரை வெளியே தள்ளுவதைப் பார்த்து அந்த நினைப்பையே விட்டான். ஈரத் தலை, தோள், பிறகு மொத்தமாக ஒரு பெண் குழந்தை. வெளிச்சம் கூசி முகத்தைச் சுருக்கி வீறிட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகத்தில் தினமும் நடப்பதுதானாம், அவனால் நம்பவே முடியவில்லை.

நர்ஸம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் நிக்கிறீங்க? வெளிய போங்க.”

அவன் ஸ்டூலிலேயே நின்றான். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை மார்பில் வாங்கிய அவள்தான் பதில் சொன்னாள்.

“விட்டுடுங்கம்மா. இப்ப அவரை எந்தத் திருப்புளியாலயும் கழட்ட முடியாது.”