ஆளில்லாத இடத்தில் ஒரு பிளேன்டீ

சென்ற மாதம் பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்தேன். அரைக் கிளாஸ்தான். மற்ற அரைக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பற்றி அந்த வாரமே எழுதியிருக்க வேண்டும்... எழுதவில்லை. எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்று சிவபாலன் கையெடுத்துக் கும்பிட்டார். நேற்றோடு அந்தத் தடை நீங்கிவிட்டது.

சிவபாலன் யார்? எங்கள் நகரத்தின் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான என்ஜினியர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச மாதம்தான். இருபது வருடமாக நான் எழுதும் இந்தப் பத்தியின் வாசகர் – எழுத்துப் பிழை கண்டால் உடனே போன் எடுக்கும் ரகம். சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், மூன்று இடத்துக் கழிவுநீரும் இப்போது குழாய் வழியே அவரிடம்தான் போகிறது. முந்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள். சந்தை மதகைத் தாண்டும்போது நீங்களும் மூக்கைப் பொத்தியவர்கள்தானே?

சண்டைக் காலத்தில் கடதாசியில் போட்ட திட்டம் அது. சமாதானம் வந்து, பூட்டிக் கிடந்த பாதை திறந்து, கட்டி முடித்து, இப்போதுதான் சோதனை ஓட்டம். திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சிவபாலனின் போன்.

"மாஸ்டர், எங்கட அனுமதிப் பத்திரத்தைத் தமிழில எழுதி வாசல்ல தொங்கவிட வேணுமாம். எல்லாம் இங்கிலீசில கிடக்கு. ஒருக்கா வாறீங்களோ?"

"கழிவுத் தண்ணிக்கும் அனுமதிப் பத்திரமோ?"

"பின்ன? சும்மா திறந்துவிட ஏலாது மாஸ்டர். எவ்வளவு சுத்தமாக்க வேணும், எந்த இடத்தில விட வேணும் எண்டெல்லாம் நிபந்தனை போட்டுத்தான் தருவினம்."

போனேன். நாற்றம் இருக்கும் என்று கைக்குட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். நாற்றம் இல்லை. கதிரை போட்டு உட்கார வைத்துப் பத்திரத்தைக் கையில் தந்தார். வாசித்தேன்.

'சுத்திகரித்த நீரை ஆற்றில் விட வேண்டும். வருடம் முழுவதும் ஓடும் ஆற்று நீரோடு அது கலந்து ஐதாகி வீரியம் குறைந்துவிடும்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆறு வருடம் முழுவதும் ஓடுகிறதாம்! மாரியில் ஓடும், உண்மைதான். பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். கோடையில் அதே ஆற்றுக்குள் பொடியள் விக்கெட் நட்டு கிரிக்கெட் விளையாடுவார்கள். பத்திரம் எழுதிய மனிதர் மார்கழி மாதத்தில் ஜீப்பில் வந்து, பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் போல.

அடுத்த நிபந்தனையில் சிரிப்பு நின்றுவிட்டது.

'ஆற்றின் கீழ்ப்புறத்தில் மக்கள் குடியிருப்பு இல்லை. ஆற்று நீரை எவரும் குடிப்பதில்லை. ஆகவே கிருமி நீக்கம் தேவையில்லை.'

"உண்மையா ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"எழுதேக்க இல்லைத்தான். இப்ப..." சிவபாலன் யோசித்தார். "வாங்கோ மாஸ்டர், பாத்திட்டே எழுதுவம்."

மோட்டார் சைக்கிளில் ஏறினோம். ஆற்றங்கரையோடு செட்டிகுளம் பக்கமாகப் போகும் வண்டிப் பாதை அது. முதலில் குழாய் வாயைக் காட்டினார். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. விழுந்து, கொஞ்சத் தூரம் ஓடி, மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. ஆற்றில் வேறு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கலப்பதற்கு எதுவும் இல்லை.

அடுத்த வளைவு திரும்பியதும் புதுத் தகரம் வெயிலில் மின்னியது. ஒரு கூரை அல்ல... வரிசையாகக் கூரைகள். கயிற்றில் பிள்ளைகளின் உடுப்பு. ஆற்றுக்குள் இரண்டு பெண்கள் மணலில் குழி தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிவபாலன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார்.

அது ஒரு முஸ்லிம் கிராமம். தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு போனவர்கள். புத்தளத்து அகதி முகாமில் இருந்தார்கள். பாதை திறந்ததும் சில குடும்பங்கள் திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி, பழைய அத்திவாரங்களைக் கண்டுபிடித்து அதன்மேலேயே தகரம் போட்டிருக்கிறார்கள். நகரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு பெண்மணி முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார். பெயர் ஜமீலா. யார் எவர் என்று கேட்கவில்லை. "வாங்கோ சேர், வெயிலுக்க நிக்காதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இரண்டே இரண்டு பிளாஸ்டிக் கதிரை. இரண்டிலும் எங்களை உட்கார வைத்தார்கள். நல்ல சாயத்தோடு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. நான் ரசித்துத்தான் குடித்தேன்.

"கிணறு இல்லையோ அக்கா?" சிவபாலன் மெல்லத் தொடங்கினார்.

"இருக்குது சேர். இவ்வளவு காலம் ஆளில்லாமக் கிடந்த கிணறு. உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? இறைக்கப் பயம். அதால ஆத்துக்க ஊத்துத் தோண்டித்தான் எடுக்கிறம்."

"கோடையில ஊறுமோ?"

ஜமீலாவின் முகம் மலர்ந்தது. "போன வருசம் ஒரு குடம் நிரப்ப அரை நாள் குந்தியிருக்க வேணும். இந்த முறை அல்லாஹ்ட ரஹ்மத்து சேர்! மழையும் இல்லை, ஒண்டும் இல்லை. தோண்டத் தோண்ட ஊறுது. ரெண்டு மாசமாத் தண்ணிக் கஷ்டமே இல்லை. உங்களுக்கு ஊத்தினதும் அந்தத் தண்ணிதான்."

சிவபாலனின் சோதனை ஓட்டம் தொடங்கியும் இரண்டு மாதம்.

கிளாஸைக் கீழே வைத்தேன். சிவபாலன் தன் கிளாஸை வைக்கவும் மறந்து பிடித்துக்கொண்டே இருந்தார். அல்லாவின் கருணை என்று அந்த மனுசி சொன்னது சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையக் கக்கூஸ் எல்லாம் கழுவி வந்த தண்ணீர்! அதைத்தான் இந்த ஊர் இரண்டு மாதமாகக் குடிக்கிறது. அதில்தான் சோறு ஆக்குகிறது.

உள்ளே ஏணையில் ஒரு குழந்தை அனுங்கியது. "என்ர பேரன்" என்றார் ஜமீலா. "வயித்தால போகுது. பல்லு முளைக்கிற காலம்தானே."

இதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன். ஆனால் சிவபாலன் எழவில்லை. மெதுவாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"அக்கா, அது ஊத்துத் தண்ணி இல்லை. நாங்கள் மேல விடுற தண்ணி. ரவுணில இருந்து வாற கழிவுத் தண்ணி. ஊத்தையை எடுத்திட்டுத்தான் விடுறம். ஆனாக் கிருமி கொல்லுறேல்ல. இஞ்ச ஆக்கள் இல்லையெண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம்."

ஜமீலா குசினிக்குள் போய்க் குடத்தைத் தூக்கி வந்து முற்றத்தில் கவிழ்த்தார். அடுத்த குடம். அடுத்த பானை. எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதற வேண்டாம் – பிள்ளை தப்பிவிட்டது. அன்றே பிக்கப் பிடித்துத் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேத்தண்ணி நன்றாகக் கொதித்திருந்தது. ஊர் முழுக்க வைத்தியர் வந்து பார்த்தார். பவுசர் வண்டியில் குடிதண்ணீர் போகத் தொடங்கியது. சிவபாலன் அன்று பின்னேரமே வால்வைப் பூட்டி, தண்ணீரை நிலையத்துக் குளத்துக்குத் திருப்பினார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"மாஸ்டர், இப்ப நான்தான் குற்றவாளி" என்றார் சிவபாலன்.

எப்படி? பத்திரத்தின்படி தண்ணீரை ஆற்றில்தான் விட வேண்டும். விடாவிட்டால் நிபந்தனை மீறல்! குளமும் கனநாள் தாங்காது. நிரம்பி வழிந்தால் மறுபடியும் ஆற்றுக்குத்தான் வரும். ஆகவே பத்திரத்தைத் திருத்த வேண்டும். கோடையில் ஆற்றில் விடக்கூடாது, பக்கத்து வெறுங்காணியில் மரம் நட்டுப் பாய்ச்ச வேண்டும், மாரியில் விடும்போதும் கிருமி கொன்று, சோதித்துத்தான் விட வேண்டும் – இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும்.

நியாயமான கோரிக்கைதானே? தூக்கிக்கொண்டு பத்திரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனோம். அங்குள்ள அதிகாரியின் பெயர் வேண்டாம், பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர்தான். இருக்கச் சொன்னார். பைலைப் புரட்டினார்.

"கீழ்ப்புறம் குடியிருப்பு இல்லை எண்டெல்லோ இருக்குது?"

"அது சண்டைக்குள்ள எழுதினது ஐயா. இப்ப வந்திட்டினம்."

"அவையின்ர பதிவு இன்னும் புத்தளத்திலதான். எங்கட கணக்கில அவை இஞ்ச இல்லை."

"கணக்கில இல்லாட்டியும் தாகம் வருமே ஐயா?" இது நான்.

பெரியவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெகு சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"பத்திரம் திருத்துறதெண்டால் கொழும்புக்குப் போக வேணும், திரும்ப அளக்க வேணும், கனகாலம் எடுக்கும். அதைவிட... அந்தக் குடும்பங்களை அங்கால ஒரு இடத்துக்கு எழுப்பிவிட்டால் என்ன? பத்திரம் தானாச் சரியாகிடும்."

பத்திரத்தில் மனிதர் இல்லை என்று எழுதியிருக்கிறது. தரையில் மனிதர் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். எதைத் திருத்துவது சுலபம்? மனிதரையாம்!

யோசித்துப் பார்த்தால் அவரை மட்டும் சொல்லி என்ன? இந்த மண்ணில் எழுப்பப்படாத குடும்பம் எது? எறிகணை எழுப்பியது, உத்தரவு எழுப்பியது, பயம் எழுப்பியது. எழும்பி எழும்பி எங்களுக்கே பழகிவிட்டது. அதனால்தான் கழிவுத் தண்ணீர்க் குழாய்க்கும் எழும்பச் சொல்ல ஒரு மனிதருக்கு நா கூசவில்லை.

சிவபாலன் அதுவரை என்னைவிடப் பயந்த சுபாவம் என்றே நினைத்திருந்தேன். அன்று பார்த்தேன். "ஐயா, ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு என்ன எழுதச் சொன்னாலும் எழுதுறன்" என்றார். கதிரையை விட்டு எழவே இல்லை. பின்னேரம் வரை அப்படியே இருந்தார். பெரியவர் கடைசியில் டயறியை எடுத்து ஒரு நாள் குறித்தார்.

அந்த நாளும் வந்தது. ஜீப்பும் வந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு கூட்டம், ஒரு கூச்சல். ஒன்றும் இல்லை. ஜமீலா வழக்கம்போல, "வாங்கோ சேர், வெயிலுக்க நிக்காதேங்கோ" என்றார். பிளாஸ்டிக் கதிரை வந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது.

பெரியவர் கிளாஸை வாங்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். நிறுத்தினார். குழாய் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கிளாஸ் மெல்லக் கீழே இறங்கியது.

"பயப்படாதேங்கோ சேர், பவுசர் தண்ணி" என்றார் ஜமீலா. கொஞ்சம் விட்டு, சிரிக்காமலே கேட்டார். "ஆக்களே இல்லாத இடத்தில உங்களுக்கு ஆர் சேர் தேத்தண்ணி ஊத்தினது?"

பெரியவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் தேத்தண்ணியைக் குடித்தார் – முழுவதும். பிறகு ஜீப்பில் ஏறாமல் ஆற்றுக்குள் இறங்கி, பளபளக்கும் சப்பாத்தோடு மணலில் நடந்து, குழாய் வாய் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொழும்புக்கு அவரே எழுதினார். அதற்காக அவருக்கு ஒரு வணக்கம்.

நேற்றுத் திருத்திய பத்திரம் வந்தது. நானும் சிவபாலனும் கிராமத்துக்கு ஓடினோம். முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். கோடையில் ஆற்றில் விடக்கூடாது. கிருமி நீக்கம் கட்டாயம். மாதம்தோறும் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் தலைகள் ஆடின.

"எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கு மாஸ்டர்?" ஜமீலா கேட்டார்.

வாசித்தேன். 'கீழ்ப்புறத்தில் தற்போது சில குடும்பங்கள் தற்காலிகமாக வசிக்கின்றன.'

எனக்குச் சந்தோசம். இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்களே! பத்திரத்தை மடிக்கப் போனேன். ஜமீலா மட்டும் சந்தோசப்படவில்லை.

"தற்காலிகமாவோ?" என்றார். "புத்தளத்திலயும் எங்களுக்குத் தந்தது தற்காலிகக் கொட்டில்தான் சேர். அதுக்குள்ள போகேக்க என்ர மகளுக்கு மூண்டு வயசு. வெளிய வரேக்க அவட கையில ஒரு பிள்ளை."

சிவபாலன் என் கையிலிருந்த பத்திரத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். "ஏறுங்கோ மாஸ்டர். இன்னும் ஒரு திருத்தம் கிடக்கு."