தேவதாசனால் தோற்க முடியவில்லை

தேவதாசனுக்குப் பந்தை நேராக எறியத் தெரியாது. அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல இதைவிட முக்கியமான செய்தி என்னிடம் இல்லை.

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் நெடுங்காலம் கவ்வாத்து வெட்டினார். ஒரு மழை நாளில், தேயிலைச் செடியின் தலையை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி வலது சுட்டுவிரலில் இறங்கியது. தைத்துப் பிழைத்த விரல் கொக்கிபோல உள்ளே வளைந்து நின்றுவிட்டது. கத்தி பிடிக்க அது தடையில்லை. சோறு பிசையவும் தடையில்லை. பந்து என்றொரு விஷயம் வரப்போகிறதென்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதைக் கொண்டுவந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை. வெளிநாட்டில் படித்தவர். கிரிக்கெட்டை மதிக்காமல் ஸொஃப்ட்போல் ஆடப் பழகியிருந்தார். பெரிய தோடம்பழம் அளவு பந்து. எறிகிறவன் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விசையாக விடவேண்டும். உருண்டை மட்டையோடு நிற்பவன் மூன்று முறை தவறவிட்டால் அவுட். அடித்துவிட்டு, மைதானத்தில் அறைந்த நான்கு முளைகளையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஒவ்வொரு தோட்டமும் ஒரு குழு சேர்க்க வேண்டுமென்று துரை மற்றத் துரைமாரிடம் பேசி ஒரு கப்பும் வைத்தார்.

காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்குமுன் ஒவ்வொருவரையும் எறியச் சொன்னார். தேவதாசன் எறிந்த பந்து பாதி வழி ஒழுங்காகப் போய், ஏதோ நினைவு வந்ததுபோலத் திடீரென்று தரைக்கு இறங்கியது. அடுத்தது இடப்பக்கம் வளைந்தது. வேகமாக எறிந்ததோ மேலே கிளம்பி, எதிரே நின்றவனின் தொப்பியைத் தாண்டியது. துரை ஓடிவந்து அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு ஒரு தோடம்பழத்தை வைத்து விளக்கம் சொன்னார். விடும்போது விரல் பந்தின் தையலை இழுப்பதால் பந்து சுழல்கிறது. முன்பக்கம் கீழ்நோக்கிச் சுழன்றால் காற்று பந்தைக் கீழே தள்ளும். மேல்நோக்கிச் சுழன்றால் தாங்கும். பார்ப்பவனுக்குப் பந்து ஏறுவதுபோல இருக்கும். உண்மையில் அது ஏறுவதில்லை, நாம் எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை, அவ்வளவுதான். உயர்ந்துவிட்டார்கள் என்று ஊர் கொண்டாடும் பலரும் இந்த வகை என்பது என் எண்ணம். தேவதாசனுக்குத் திறமை இருந்தது என்று சொல்லவும் தயங்குகிறேன். விரலுக்கு இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவர் இந்தியாவுக்குப் போகவேண்டியிருந்தது. தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மகள் செசிலி கணவனோடு முன்னரே கோத்தகிரிக்குப் போய்விட்டாள். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். தேவதாசனுக்கும் மனைவி நேசராணிக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தது. மகளுக்கு வலி எடுக்குமுன் போய்ச் சேர்வதொன்றே நேசராணியின் கவலை. தோட்டத்திலிருந்து பேரை விடுவிக்கத் துரை கையெழுத்துப் போட்டால் போதும்.

“கப் முடியட்டும்,” என்றார் துரை.

கப் முடிவதாக இல்லை. ஜெயிக்க ஜெயிக்க அடுத்த மெட்ச் வந்தது.

“தோத்துத் தொலைங்களேன்,” என்றாள் நேசராணி. “ஊரு ஒலகத்துல தோக்கத் தெரியாத மனுசன் உண்டா?”

“நான் என்ன புள்ள செய்ய? மெதுவாத்தான் போடுறேன். மெதுவாப் போட்டா இன்னும் மோசமா எறங்குது.”

“அந்த வெரல மடக்கிக் கட்டுங்க.”

கட்டிக்கொண்டு எறிந்தார். சுழற்சி நின்றுபோனது. சுழலாத பந்து நேராகப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது கள்ளுத் தவறணையிலிருந்து வீடு திரும்பும் ஆளைப்போல இருபக்கமும் தள்ளாடிக்கொண்டு போனது. மட்டைக்காரன் அதைத் துரத்தி மட்டையை வீசித் தானே விழுந்தான். துரை நாற்காலியைவிட்டு எழுந்து கைதட்டினார்.

அடுத்த மெட்சில் தேவதாசன் வேண்டுமென்றே பந்தை வெளியே போட்டார். மட்டைக்காரன் சும்மா நின்றால் போதும். நான்கு முறை வெளியே போனால் அவன் நடந்தே முதல் முளைக்குப் போகலாம். ஆனால் எதிரணியும் தோட்டத்து ஆட்கள். துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது கையில் ஆயுதத்தோடு சும்மா நிற்பவனுக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம், என்பது அவர்கள் எலும்பில் ஊறிய சட்டம். கைக்கெட்டாத தூரத்தில் போன பந்துக்கும் ஒருவர் விடாமல் வீசினார்கள். ஒருவன் பந்து போன பிறகும் வீசிக்கொண்டிருந்தான்.

கடைசி மெட்ச், கப்பில் தாமாகச் சேர்ந்துகொண்ட பண்டாரவளை டவுன் வியாபாரிகளோடு. அதில் ஜெயிக்கும் குழு கொழும்புக்குப் போய் ஆடவேண்டும் என்று துரை அறிவித்திருந்தார். கொழும்பு மெட்ச் முடியும்போது செசிலியின் பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும். எதிரணியின் தலைவர் ஜுனைதீன் முதலாளி, துணிக்கடைக்காரர். பயணத்துக்கு டிரங்குப்பெட்டி வாங்கப் போன சாக்கில் தேவதாசன் அவர் கடைக்கும் போனார்.

“மொதலாளி, ஒரு விசயம். எல்லாப் பந்தையும் வெளியதான் போடப்போறேன். மட்டையத் தூக்காம நின்னீங்கன்னா நீங்கதான் ஜெயிப்பீங்க.”

ஜுனைதீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “ஏன் எனக்கிட்டச் சொல்றீங்க?”

“நான் தோக்கணும்.”

“சரி, சரி,” என்றார் ஜுனைதீன். தேவதாசன் படியிறங்கியதும் கடைப்பையன் பக்கம் திரும்பினார். “வெளிய போடுவானாம். கேட்டியா? உள்ள போடப்போறான். கேக்காமலே ஒருத்தன் உள்ளதச் சொல்லி நான் பார்த்ததில்ல.”

மெட்சில் வியாபாரிகள் எல்லாரும், உள்ளே வராத பந்துகளுக்கு முழு நம்பிக்கையோடு வீசினார்கள். வரிசையாக அவுட்டானார்கள். இடைவேளையில் நேசராணி, மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் அந்தோனியைத் தேடிப் போனாள். அவன் பக்கத்து லயத்து வீட்டுக்காரன். அவர்களுடைய செவலைப் பசுமேல் அவனுக்கு நீண்டநாள் கண். இந்தியா போகிறவர்களின் மாட்டையும் கோழிக்கூட்டையும் முதலில் வாய்திறந்து கேட்டவருக்குக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் அவனை முந்திக் கேட்டுவிட்டார்.

“அந்தோனி, முந்தி ஒரு மெட்சுல குளவி கொட்டி நீ பந்த விட்டியே. அன்னிக்குத் தொரை என்ன சொன்னாரு?”

“மூணாவது பந்த நான் பிடிக்காம விட்டா, அவுட்டானவனும் ஓடலாம்னாரு. ஏன் மதினி?”

“செவல ஒனக்கு.”

அந்தோனி சுற்றுமுற்றும் பார்த்தான். “உபதேசியாருக்கு வாக்குக் குடுத்தீங்களே?”

“அவரு எனக்காகச் செபம் பண்ணுவாரு. நீ பந்த விடு.”

“கன்னுக்குட்டி?”

“அதையும் ஓட்டிக்கிட்டுப் போ. பாவி.”

அந்த மைதானத்தில் அந்தோனிக்குப் பின்னால் பத்தடியில் சரிவு. சரிவுக்குக் கீழே தேயிலை. இடைவேளைக்குப் பிறகு நடந்ததுபோன்ற ஆட்டத்தை ஊவா மாகாணத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வியாபாரி மூன்றுமுறை வீசித் தவறவிடுவார். அந்தோனியின் கால்களுக்கிடையே பந்து போய்ச் சரிவில் உருளும். அவன் சாவகாசமாகச் செடிகளுக்குள் இறங்கித் தேடுவான். அவுட்டான வியாபாரி சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு முளைகளையும் சுற்றி வந்து மூச்சுவாங்குவார். தேவதாசன் ஒவ்வொருவரையும் அவுட்டாக்கினார். ஒவ்வொருவரும் ஓட்டம் எடுத்தார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த துரைக்கு அதில் ஒரு குற்றமும் அகப்படவில்லை.

வியாபாரிகள் ஓட்டத்தில் முந்தி ஆட்டம் முடிந்ததும் துரை தேவதாசனைக் கூப்பிட்டார்.

“எல்லாரையும் நீ அவுட் பண்ணின. எப்படித் தோத்தோம்?”

“பந்து ஓடிருச்சுங்க தொரை.”

துரை சரிவைப் பார்த்தார், அந்தோனியைப் பார்த்தார். “நாளைக்கு ஆபீசுக்கு வா,” என்றார். மறுநாள் கையெழுத்துப் போட்டார். அந்தோனியைக் குழுவிலிருந்து நீக்கினார். பந்து பிடிக்க ஆளில்லாததால் குழுவும் அத்தோடு கலைந்தது.

பண்டாரவளை ஸ்டேஷனுக்கு ஜுனைதீன் முதலாளி வழியனுப்ப வந்திருந்தார். செசிலியின் பிள்ளைக்கென்று ஒரு துண்டு வெள்ளைத் துணியை நேசராணியிடம் கொடுத்துவிட்டு, தேவதாசனைத் தனியே அழைத்தார்.

“நீங்க அன்டைக்கு வெளிய போடுவேன்டு சொன்னீங்க. நான் நம்பல்ல. அதாலதான் ஜெயிச்சேன்.”

“ஆமாங்க மொதலாளி,” என்றார் தேவதாசன்.

ரயில் தியத்தலாவையைத் தாண்டும்போது அவர் வளைந்த விரலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “ஒருத்தனும் என் பந்த அடிக்கல, இல்லியா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றாள் நேசராணி. “மாடுதான் போச்சு.”

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, வரிசைகளில் நின்று, ரயிலும் பஸ்ஸும் மாறிக் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செசிலி நிறைவயிற்றோடு வாசலில் நின்றிருந்தாள். நேசராணி டிரங்குப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் பெண்குழந்தை பிறந்தது. ஆனால் அவர்கள் வந்திறங்கிய அன்று செசிலி முதலில் கேட்டது அப்பாவிடம்தான்.

“ஏம்பா இவ்வளவு நாளு? நீங்க வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

தேவதாசன் தரையிலிருந்த பெட்டியைத் தூக்கினார். “ஜெயிச்சுக்கிட்டே இருந்தேம்மா,” என்றார்.